குழாய் வேலை பார்த்தவன் கேட்ட குழாய்: நல்லாயன் பேராலய ஆர்கன்

கப்பல் பட்டறையில் 31 வருடம் பைப் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். எண்ணெய்க் குழாய், நீராவிக் குழாய், கழிவுநீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். குழாயிலிருந்து சத்தம் வந்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ கசிகிறது, ஸ்பேனரை எடு. அப்படிப்பட்டவன், சத்தம் வரவேண்டும் என்றே செய்த குழாய்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இடம், குவீன் ஸ்திரீட்டுக்கும் விக்டோரியா ஸ்திரீட்டுக்கும் நடுவில் இருக்கும் நல்லாயன் பேராலயம். கேட்டது, அங்கே வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில் நிற்கும் குழாய் ஆர்கன். 1912-ல் வைத்தது. சிங்கப்பூரில் இன்றும் வேலை செய்யும் குழாய் ஆர்கன்களில் இதுதான் மூத்தது.

என்னை அனுப்பியது பேத்தி. பியானோ படிக்கிறாள். "தாத்தா, அங்க ஸ்பீக்கர் கிடையாது. நிஜமான குழாய், நிஜமான காத்து. உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். அவளுக்கு அன்று துணைப்பாட வகுப்பு. மனைவிக்கு முட்டி வலி. சரி, தனியாகப் போவானேன் என்று எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் இருக்கும் நாயனக்கார அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கோயிலில் நாதஸ்வரம் வாசிக்க என்று இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டவர். இப்போது முன்பற்கள் போய்விட்டதால் வாசிப்பதில்லை. ஆனால் காது போகவில்லை. மின்தூக்கியின் மணிச்சத்தம் எந்தச் சுருதி என்று சொல்லுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன குழாய், சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

அவருக்குத் தயக்கம். "நான் விபூதி பூசிக்கிட்டு உள்ள வரலாமா?"

"தாராளமா வாங்கண்ணே. கச்சேரிதானே. செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்."

"செருப்போடயா?" என்றார். விபூதியைவிட அதுதான் அவரை அதிகம் தொந்தரவு செய்தது. கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக ஜோடியாக வைத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாக்சியில் ஏறி வெறுமனே "கதீட்ரல்" என்று சொல்லாதீர்கள். எங்கள் ஓட்டுநர் எங்களை ஆங்கிலிக்கன் பேராலயத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதுவும் வெள்ளையாக, கூரான கோபுரத்தோடு இருக்கிறது, அவர்மேல் தப்பில்லை. அங்கிருந்து வியர்க்க வியர்க்க நடந்தோம். பிராஸ் பாசா எம்ஆர்டியில் இறங்கினால் சில நிமிட நடைதான். இசை நிகழ்ச்சி எப்போது என்று பேராலயத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் போன நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை. காணிக்கைப் பெட்டியில் நான் பத்து வெள்ளி போட்டேன். அண்ணன் இரண்டு வெள்ளி போட்டுவிட்டு, கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்து, கும்பிட்டுவிட்டார்.

கட்டடத்தின் கதை சுருக்கமாக. 1843-ல் அடிக்கல், 1847-ல் திறப்பு. சிங்கப்பூரில் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில் இது. வரைபடம் போட்டவர் டெனிஸ் மெக்ஸ்வீனி. நல்லாயன் என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. கொரியாவில் 1839-ல் தலை வெட்டுண்டு இறந்த பிரெஞ்சு ஆயர் லாரன்ட் இம்பெர், தன்னோடிருந்த குருக்களைச் சரணடையச் சொல்லி எழுதிய சீட்டில், நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்ற வசனத்தைக் குறித்திருந்தார். அவர் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் கால் வைத்தவர். அந்தச் சீட்டின் சேதி இங்கே வந்து கோயிலுக்குப் பெயராகிவிட்டது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது இதே கோயில் அவசர மருத்துவமனையாக இருந்தது. 1973-ல் தேசிய நினைவுச்சின்னம். அப்புறம் சுவரெல்லாம் விரிசல் விட்டு, கோபுரத்துக்கு இரும்பால் முட்டுக் கொடுத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். 2013-ல் மூடி, பெரிய செலவில் சீர்செய்து, 2016 நவம்பரில் திறந்தார்கள்.

இனி ஆர்கன்.

செய்தவர்கள் லண்டனின் பெவிங்டன் அண்ட் சன்ஸ். 1912-ல் அது கப்பலில்தான் வந்திருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. குழாய் குழாயாகப் பெட்டியில் அடுக்கி, வாரக்கணக்கில் உப்புக்காற்றில் வந்து, இங்கே திரும்பப் பூட்டியிருப்பார்கள். நான் கப்பலுக்குள் குழாய் பூட்டியவன். அவர்கள் கப்பலிலிருந்து இறக்கிப் பூட்டியவர்கள். அந்த ஃபிட்டர்களின் பெயர் எங்கேயும் எழுதியிருக்காது. எங்கள் பெயரும்தான் எந்தக் கப்பலிலும் எழுதியிருக்காது.

கோயிலைச் சீர்செய்தபோது இதையும் கழற்றிச் செப்பனிட்டார்கள். செய்தவர்கள் பிலிப்பைன்ஸின் டியகோ செரா என்ற ஆர்கன் பட்டறை. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு அழகான சங்கதி இருக்கிறது. டியகோ செரா என்பவர் மணிலாவுக்குப் பக்கத்தில் லாஸ் பின்யாஸ் என்ற ஊரில் இருந்த பாதிரியார். 1816-ல் தொடங்கி 1824-ல் ஒரு ஆர்கனைச் செய்து முடித்தார். அதிலுள்ள 1,031 குழாய்களில் 902 மூங்கில்! இன்றைக்கும் அது பாடுகிறது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாக அந்த மாலையின் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. "மூங்கில்ல செஞ்சானா? அப்ப விஷயம் தெரிஞ்சவன்தான்" என்றார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காற்று ஊதி. அதிலிருந்து காற்று ஒரு துருத்திக்குப் போகிறது. துருத்தியின் மேல் பாரம் இருக்கும், அதனால் அழுத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும். அங்கிருந்து காற்றுப்பெட்டிக்கு. பெட்டியின் மேல்தான் குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சுரம், ஒரு குரல், அவ்வளவுதான். வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு வால்வு திறக்கும். எந்த வரிசைக் குழாய்கள் பேச வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் குமிழ்களை இழுத்துத் தீர்மானிக்கிறார். அந்தக் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். காலுக்கும் தனியாக மரக்கட்டைகள் உண்டு, அடிமந்திர சுரங்களுக்கு.

என்னை அசத்தியது அழுத்தக் கணக்கு. பட்டறையில் எங்கள் கம்ப்ரசர் 7 பார் அழுத்தத்தில் ஓடும். கை வைத்தால் தோல் கிழியும். கோயில் ஆர்கன்களில் சாதாரணமாக எவ்வளவு தெரியுமா? 75 முதல் 100 மில்லிமீட்டர் நீர். அதாவது ஒரு கோப்பை பண்டோங் ரோஸ் பாலை ஸ்ட்ரா வழியாகப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு உறிஞ்சுகிறீர்களே, அந்தப் பலம்தான். எங்கள் கம்ப்ரசரில் 700-ல் ஒரு பங்கு. அந்த மூச்சளவு காற்றை வைத்துக்கொண்டு ஒரு கோயிலையே நிறைக்கிறது. குழாய் வேலை என்றால் அழுத்தம் என்று நினைத்துக்கொண்டே 31 வருடம் ஓட்டிவிட்டேன்.

குழாய்களில் இரண்டு சாதி. ஒன்று விசில் மாதிரி: கீழே ஒரு வாய், அதில் காற்று மோதிப் பிரிந்து உள்ளே இருக்கும் காற்றுத்தூணை ஆட்டுகிறது. நம் புல்லாங்குழல் அப்படித்தான். இன்னொன்றில் வாய்க்குப் பதில் ஒரு பித்தளை நாக்கு படபடக்கும். அதைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்தார். "சீவாளிங்கறியா?" நாயனத்தின் நுனியில் செருகி, உதட்டில் வைத்து ஊதும் தட்டையைச் சொல்கிறார். ஆமாம் அண்ணே, கிட்டத்தட்ட சீவாளி. ஆனால் கொறுக்கைத் தட்டை இல்லை, பித்தளை. உதடும் இல்லை, ஒரு கம்பி அந்த நாக்கை அழுத்திப் பிடித்திருக்கும். கம்பியை மேலே கீழே தட்டித்தான் சுருதி சேர்ப்பார்கள். "உதடு இல்லாத சீவாளியா?" என்று சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. திருவாவடுதுறைச் சீவாளியை எச்சிலில் ஊறவைத்து வாழ்ந்த மனிதர். அவருக்கு அது ஒரு அனாதைப் பிள்ளை மாதிரி தோன்றியிருக்கும்.

நீளத்தில்தான் சுரம். திறந்த எட்டடிக் குழாய் என்றால் பியானோவில் இடது கைப்பக்கம் இருக்கும் கனமான ச-வைப் பாடும். பதினாறு அடி என்றால் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. இடமில்லாத கோயிலில் ஒரு தந்திரம் செய்வார்கள்: குழாயின் மேல் நுனியை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுரம் கிடைக்கும். குரல் மட்டும் கொஞ்சம் மங்கலாகும். நாங்கள் குழாயின் நுனியை அடைத்தால் அது வேலை முடிந்த இடம். இவர்களுக்கு அங்கேதான் இன்னொரு குரல் பிறக்கிறது.

சிங்கப்பூர் வெயிலும் இதில் விளையாடும். விசில் வகைக் குழாய்கள் சூட்டில் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு அரை சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு. லண்டனில் 15 டிகிரியில் சேர்த்ததை இங்கே 28 டிகிரியில் ஊதினால் அரை சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு எகிறிவிடும். நாக்கு வகையோ அந்த அளவு நகராது. அப்போது ஒரே பெட்டிக்குள் இருக்கும் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு சுருதியில் நிற்பார்கள். "நாயனமும் ஊத ஊதச் சூடாகி ஏறும், ஒத்துக்காரனை முறைச்சுக்கிட்டே வாசிப்போம்" என்றார் அண்ணன். ஒத்து என்பது நாயனத்தோடு ஒரே சுரத்தை விடாமல் ஊதும் துணைக்குழல். இதற்கு மேல் ஈரம்: மரம் ஊதும், வால்வுத் தோல் கெடும். நூறு வருடத்துக்கு மேல் இந்த ஊரில் ஒரு ஆர்கனைப் பாடவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

சரி, கச்சேரி.

முதலில் ஒரு விசித்திரம். வாசிப்பவர் நமக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறார். நாம் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், இசை பிடரிக்குப் பின்னாலிருந்து வருகிறது. வழிபாட்டுக்கு அது பொருத்தம், கண் பீடத்தில் இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். கச்சேரி கேட்க வந்தவருக்குத்தான் சங்கடம். "வாசிக்கிறவன் மூஞ்சியைப் பார்க்காம என்னய்யா கச்சேரி?" என்று அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்து, கழுத்து வலி வந்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் சரியான வழி என்று எனக்கும் பிறகு புரிந்தது.

முதல் சுரம் காலில் வாசித்த சுரம். காதுக்கு வருவதற்கு முன்னால் பெஞ்சு மரத்தில் வந்தது. உட்கார்ந்த இடத்தில் ஒரு நடுக்கம், பெரிய கப்பலின் எஞ்சின் தூரத்தில் ஓடும்போது தளத்தில் வருமே, அது. அதன் மேல் மெல்ல மெல்ல மற்ற குரல்கள் ஏறின. கீழ்ச்சுரம் நகரவே இல்லை. அண்ணன் கண்ணைத் திறக்காமலே என் தொடையைத் தட்டினார். "ஒத்து. கால்ல ஒத்துப் பிடிக்கிறான்."

இதற்கு முன் எத்தனையோ கோயில்களில் ஆர்கன் என்ற பெயரில் கேட்டிருக்கிறேன். ஒரு உறவுக்காரப் பையன் கல்யாணத்தில், கோயில் பெயர் வேண்டாம், கீபோர்டில் ஆர்கன் பொத்தானை அமுக்கி, பொண்ணு உள்ளே வரும்போது ஸ்பீக்கர் ஊளையிட்டு, பூப் பிடித்த குழந்தை அழுதுவிட்டது. அங்கே எல்லாச் சத்தமும் இரண்டு பெட்டியிலிருந்து வந்தது. இங்கே ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு இடத்திலிருந்து புறப்படுகிறது. ஒரு சுரம் இடது மூலையில் பிறக்கிறது, அடுத்தது ஒரு முழம் தள்ளி. காற்றே நகர்கிறது. கண்ணை மூடினால் ஒரு கூட்டம் நிற்பது தெரியும்.

இரண்டாவதாக வாசித்தது ரொம்ப மெல்லிய ஒன்று. புல்லாங்குழல் வகைக் குழாய்கள் மட்டும். அந்த மாலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சுரம் தொடங்கும்போது "ஃப்" என்று ஒரு சின்ன மூச்சு கேட்டது. குழாய் பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமுவது போல. எந்த ஸ்பீக்கரும் இதைத் தராது.

மூன்றாவது ஃபியூக் என்ற வகை. ஒரு மெட்டு தனியாக நுழையும். அது நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு குரல் அதே மெட்டோடு உள்ளே வரும், அப்புறம் இன்னொன்று, கடைசியில் காலும் சேர்ந்துகொள்ளும். பேத்தி முன்பே விளக்கியிருந்ததால் முதல் மூன்று நுழைவைப் பிடித்தேன். அதற்கு மேல் விட்டுவிட்டேன். இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும், குறை என்பதைவிட இயல்பு என்று சொல்லலாம்: உயர்ந்த கல் கோயிலில் சத்தம் உடனே சாவதில்லை. மெதுவான இசைக்கு அது பன்னீர் தெளித்த மாதிரி. வேகமாக ஓடும் சுரங்களுக்கு, ஈரத்துணியில் மை போட்ட மாதிரி. ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் ஏறிவிடுகிறது. நாங்கள் முதலில் மாடத்துக்கு அடியில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே சத்தம் தலைக்கு மேல் போய்விடுகிறது. இடையில் நைசாக எழுந்து நடுப்பகுதிக்கு முன்னால் போனோம், எவ்வளவோ தெளிவு. நேரத்தோடு போய் நடுவில் இடம் பிடியுங்கள்.

கடைசிக்கு முந்தியதில் எல்லாக் குமிழையும் இழுத்துவிட்டார்கள் போல. எனக்குப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது, காதுக்குப் பஞ்சு தேடினேன். அண்ணனுக்கோ அதுதான் உச்சம். திறந்த வெளியில், தவிலோடு மோதி, சாமி புறப்பாட்டில் வாசித்த மனிதர் இல்லையா? இசை நின்று எதிரொலி அடங்குவதற்குள் "பலே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். முன்வரிசையில் இருந்த சீன அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிர் போயிற்று. அந்த அம்மா சிரித்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார், கூட்டமும் தட்டியது.

கடைசியாக வாசித்தது, மாதா ஊர்வலத்தில் நாங்கள் தமிழில் பாடும் ஒரு பாட்டின் மெட்டு. அறிவிப்பில் அதற்கு வேறு மொழியில் வேறு பெயர். மெட்டு வந்ததும் எனக்கு வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது. அண்ணன் காதருகே குனிந்து கேட்டார், "இது உங்க பாட்டா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா ஆர்மோனியத்தில் இதை வாசித்தது, பக்கத்தில் நின்று நான் கைத்தாளம் போட்டது, அம்மா சுருதி தப்பிப் பாடியது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. மேலே எழுத ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் மதிப்பெண் கேட்டேன். "பத்துக்கு எட்டு. கமகத்துக்கு ரெண்டு கழிச்சாச்சு."

நியாயமான கழிவுதான். ஒரு குழாய் ஒரு சுரத்தில் நிற்கும், அதை அசைக்க முடியாது; அந்த அசைவுதான் கமகம். கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, குழாய்களை ஒரு அறைக்குள் வைத்து, அதன் ஜன்னல் பலகைகளைக் காலால் திறந்து மூடுவார்கள். அது ஒரு கெட்டிக்கார ஏற்பாடு, ஆனால் மூச்சு இல்லை. இதே குற்றச்சாட்டை ஆர்மோனியத்தின் மேலும் சுமத்தினார்கள். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, சுமார் முப்பது வருடம் உள்ளே விடவில்லை. எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். நாம் நம்முடையது என்று கட்டிக்கொண்ட அந்தப் பெட்டியும் 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியதுதான். ஆர்கனுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பேராலயத்திலிருந்து குவீன் ஸ்திரீட்டிலேயே நடந்தோம். இந்த நடையை நான் சிபாரிசு செய்கிறேன், கச்சேரியின் பாதி இதில்தான் இருக்கிறது. வழியில் புனித இராயப்பர் சின்னப்பர் (பீட்டர், பால்) கோயில், 1870. அந்தக் காலத்தில் சீனரும் தமிழரும் அங்கேதான் சேர்ந்து பூசை கண்டார்கள். தமிழர்களுக்கென்று தனியாக ஒஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் எழுந்தது 1888-ல். பிரான்சின் லூர்து பேராலயத்தைப் பார்த்து வரைந்தது, கட்டுவித்தவர் மெனெவ்ரியே சாமியார். 2005-ல் அதுவும் தேசிய நினைவுச்சின்னமானது. எங்கள் குடும்பத்தின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான். பேராலயத்தில் குழாய் ஆர்கன் வந்த 1912-ல் என் கொள்ளுத்தாத்தா லூர்து மாதா கோயிலில் லத்தீன் பூசைக்கு முழங்காலில் நின்றிருப்பார், ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டம், வழிபாட்டைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. அதில் 120-ஆம் பத்தி குழாய் ஆர்கனை உயர்வாகப் போற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு முந்தின 119-ஆம் பத்தியைப் படியுங்கள்: மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் பாடற்குழுவில் தபேலாவும் ஆர்மோனியமும் தலைநிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பத்தியின் தயவில். ஒரு மைலுக்குள் இரண்டு பத்தியும் இரண்டு கோயிலில் நடக்கின்றன. எஸ்பிளனேட் அரங்கில் 4,740 குழாயோடு கிளைஸ் கம்பெனி செய்த ஒரு ஆர்கன் நிற்கிறது, 61 ஸ்டாப். ஒரு தடவை டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்டிருக்கிறேன், சுத்தமான சத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே யாரும் முழங்காலில் நிற்பதில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னால் பேராலயத்துக்குத்தான் போவேன்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயில் வாசலில் அண்ணன் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டார். இந்தத் தடவை செருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை, அது தானாகவே காலைவிட்டு இறங்கிவிட்டது. அப்புறம் பக்கத்துக் காப்பிக்கடையில் ஆளுக்கொரு தே ஹாலியா, இஞ்சித் தேநீர். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே துணியில் சுற்றிய சீவாளி. வாசிப்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது, இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். தேநீரில் நனைத்து, உதட்டில் வைத்து, "பீ" என்று ஒரு ஊது ஊதினார். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்கு எத்தனை மில்லிமீட்டர் தண்ணி, குழாய்?"

தெரியவில்லை, அளந்து பார்த்துவிடலாம் என்றேன். வீட்டில் ஸ்டோர் அறையில் பழைய வேலைச் சாமான்களோடு இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப் கிடக்கிறது. அதை யு மாதிரி வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். சனிக்கிழமை காலை புளோக்குக்குக் கீழே வரச் சொல்லியிருக்கிறேன்.